கம்பிவடம் முடிகிற இடம்

எந்த ஊர் ரோப் காரைப் பார்த்தாலும் என் கண் முதலில் போவது மலைக்கு அல்ல, கோபுரத்தின் தலையில் வரிசையாகச் சுழலும் உருளைகளுக்கு. பழனியில் ரோப் கார் பராமரிப்பு வேலையில் பல காலம் இருந்தவனுக்கு அந்தப் பழக்கம் போகாது. உருளையின் ரப்பர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது, வடம் பள்ளத்தின் நடுவில் உட்கார்ந்து ஓடுகிறதா ஒரு பக்கம் ஒதுங்கி ஓடுகிறதா, பேரிங்கில் சத்தம் வருகிறதா என்று கண்ணும் காதும் தானாக அங்கே போய்விடும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகள், "குல்மார்க்கில் ஸ்கீயிங் கத்துக்கப் போறேன், நீங்களும் வாங்கப்பா" என்று கூப்பிட்டபோது பனியைப் பற்றி எனக்குப் பெரிய ஆசை எழவில்லை. அங்கே ஓடும் கோண்டோலா என்ற ரோப் கார் கிட்டத்தட்ட 3,950 மீட்டர் உயரம் வரை ஏறுகிறது என்று படித்திருந்தேன். அதைப் பார்க்கத்தான் கிளம்பினேன்.

அந்த உயரம் எவ்வளவு என்று நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். குல்மார்க்கில் கோண்டோலாவின் அடிவார நிலையமே ஏறக்குறைய 2,650 மீட்டரில் இருக்கிறது. நம்முடைய மலை முடிகிற உயரத்தில் அவர்களுடையது ஆரம்பிக்கிறது. அங்கிருந்து வடம் மேலும் 1,300 மீட்டர் ஏறும். பழனி மலையின் உயரம் சுமார் 450 அடி. ஒன்றின் மேல் ஒன்றாக ஒன்பதுக்கும் மேற்பட்ட பழனி மலைகளை அடுக்கினால்தான் குல்மார்க்கின் வடம் ஏறும் உயரம் வரும்.

ஸ்ரீநகரிலிருந்து மேற்கே 50 கிலோமீட்டர். கடைசி ஊர் டங்மார்க். அங்கிருந்து 13 கிலோமீட்டர் மலைப்பாதை. பனிக்காலத்தில் டங்மார்க்கில் வண்டிகளை நிறுத்தி டயருக்கு இரும்புச் சங்கிலி மாட்டுவார்கள். சாலையோரக் கடைகளில் ரப்பர் பூட்ஸும் முழங்கால் வரை தொங்கும் கோட்டும் வாடகைக்குக் கிடைக்கும். சமவெளியிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் அங்கே நின்று உடை மாற்றிக்கொண்டுதான் மேலே போகிறார்கள். எனக்குக் கொடுத்த பூட்ஸ் ஒரு சைஸ் பெரியது. "காலுறையை இன்னொன்று போடுங்கள் சாச்சா" என்று கடைக்காரர் அதற்கும் ஒரு காலுறையை விற்றுவிட்டார்.

மேலே போனால் குல்மார்க் ஒரு மலையுச்சி அல்ல என்பது முதலில் தெரிகிறது. மலையின் இடுப்பில் இருக்கிற ஒரு பெரிய புல்வெளி அது. சுமார் 3 கிலோமீட்டர் நீளம், அகலம் ஒரு கிலோமீட்டருக்குள். சுற்றிலும் ஃபிர், பைன் மரக்காடு. கோடையில் ஆடு மேயும், குதிரை ஓடும், கோல்ஃப் பந்து உருளும். கௌரிமார்க் என்று வழங்கிவந்த இடத்துக்கு 16-ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக் குல்மார்க் என்று பெயர் வைத்ததாகச் சொல்வார்கள். மொகலாய மன்னர் ஜஹாங்கீர் இங்கே 21 வகைப் பூக்களைச் சேகரித்தார் என்பது எல்லா வழிகாட்டிகளும் ஒப்பிக்கிற பாடம். பிறகு 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். 1888-இல் நெடூ ஓட்டல், 1902-இல் செயிண்ட் மேரி தேவாலயம், அப்புறம் கோல்ஃப் மைதானம், கிளப். ஊட்டியும் கொடைக்கானலும் எப்படி உருவாயினவோ அதே கதைதான். ஒரு வித்தியாசம், இது மகாராஜாவின் ராஜ்யம், வெளியாட்கள் நிலம் வாங்க முடியாது. அதனால் பெரிய பங்களாக்கள் எழும்பாமல் மரக்குடில்களே நிறைந்தன. இதைச் சொல்லும்போது ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: இவ்வளவும் கோடைக்காக. அக்டோபர் முடிந்தால் குடில்களைப் பூட்டிவிட்டு இறங்கிவிடுவார்கள். பனிக்காலம் யாருக்கும் தேவைப்படாத காலமாக இருந்தது.

அதைத் தேவைப்பட வைத்தவர்கள் சில பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகள். 1927-இல் அவர்கள் இங்கே 'ஸ்கீ கிளப் ஆஃப் இந்தியா'வைத் தொடங்கினார்கள். கிறிஸ்துமஸுக்கு ஒரு கூட்டம், ஈஸ்டருக்கு ஒரு கூட்டம். லிஃப்ட் கிடையாது, வடம் கிடையாது. குல்மார்க்குக்கு மேலே கிலன்மார்க் என்று இன்னொரு புல்வெளி உண்டு. அதுவரை பனியில் கால் புதையப் புதைய ஏறிப்போய், காலை முழுவதும் ஏறியதைச் சில நிமிடங்களில் சறுக்கி இறங்குவார்கள். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு தடவைக்கு மேல் முடியாது. அந்தக் காலத்துச் சறுக்குக்காரனுக்கு மலையின் ஒவ்வொரு அடியும் தெரிந்திருக்கும், ஏனென்றால் ஒவ்வொரு அடியையும் அவன் நடந்து ஏறியிருப்பான். இந்த விஷயம் பின்னால் தேவைப்படும்.

1947-இல் நாடு பிரிந்தது, உடனே போர். போர் முடிந்தபோது பீர் பஞ்சால் மலைத்தொடரின் குறுக்கே போர்நிறுத்தக் கோடு விழுந்திருந்தது. குல்மார்க்கின் பின்புற முகட்டைத் தாண்டினால் சில கிலோமீட்டரில் அந்தக் கோடு. பனியில் போரிடத் தெரிந்த படை நம்மிடம் இல்லை என்பதை அந்தப் போர் காட்டிவிட்டது. ஜோஜி லா கணவாய்க்கு டாங்கிகளை ஏற்றிய ஜெனரல் கே.எஸ். திம்மையா, 1948 டிசம்பரில் தன்னுடைய 19-ஆம் காலாட்படைப் பிரிவுக்காக குல்மார்க்கில் ஒரு ஸ்கீ பள்ளியைத் தொடங்கினார். திம்மையா மடிகேரிக்காரர். காபித் தோட்டத்து ஊரில் பிறந்தவர் இந்திய ராணுவத்துக்குப் பனிச்சறுக்குப் பள்ளி வைத்தார் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தப் பள்ளிதான் வளர்ந்து 1962-இல் உயர்மலைப் போர்ப் பள்ளி ஆனது. இன்றும் குல்மார்க்கில் வெள்ளை உடுப்பில் வரிசையாக ஏறிப்போகிற ஜவான்களைப் பார்க்கலாம். வெள்ளைக்காரர்கள் போன பின் ஸ்கீ இந்த ஊரில் செத்துப்போகாமல் இருந்ததற்குப் பெரும் காரணம் ராணுவம்தான்.

சுற்றுலாவுக்கான அரசாங்க முயற்சி அறுபதுகளில் வந்தது. ருடால்ஃப் மாட் என்ற ஆஸ்திரிய நிபுணரை அழைத்து, பனிவிளையாட்டுக்குத் தோதான இடம் எது என்று கேட்டார்கள். அவர் குல்மார்க்கைக் காட்டினார். பிறகு மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பயிற்சி நிலையம் ஒன்று ஏற்பட்டது. என் மகள் சேர்ந்தது அங்கேதான். இதே காலத்தில் சினிமாவும் மலையேறியது. 1961-இல் வந்த ஸ்ரீதரின் 'தேன் நிலவு' காஷ்மீரில் எடுக்கப்பட்டது; என் வயதுக்காரர்கள் பலர் காஷ்மீரை முதலில் பார்த்தது அந்தப் படத்தில்தான். எண்பதுகளின் இறுதியில் சில்வெயின் சவுடன் என்ற சுவிட்சர்லாந்துக்காரர், செங்குத்தான சிகரங்களில் சறுக்கிப் பேர்பெற்றவர், ஹெலிகாப்டரில் ஆட்களைக் கொண்டுபோய் முகட்டில் இறக்கி இந்த மலைகளில் சறுக்க வைத்துக்கொண்டிருந்தார்.

கோண்டோலாவுக்கான வேலையும் எண்பதுகளின் இறுதியில்தான் தொடங்கியது. கட்டியது பொமகல்ஸ்கி என்ற பிரெஞ்சு நிறுவனம்; போமா என்றால் உலகம் முழுவதும் வடத்தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். கோபுரங்கள் எழும்பிக்கொண்டிருந்தபோது 1990 வந்தது. ஆயுதக் கிளர்ச்சியின் துப்பாக்கிச் சத்தம் வந்தது. வேலை நின்றது. சினிமாக்காரர்களும் வருவதை நிறுத்தினார்கள். 1992-இல் வந்த 'ரோஜா'வின் காஷ்மீர் பெரும்பாலும் மணாலியில் எடுத்தது. பாதியில் நின்ற ரோப்வேயைப் பார்ப்பது எனக்குத் தாங்காத விஷயம். எண்ணெய் காணாத பேரிங்கும் மழையிலும் பனியிலும் நிற்கிற இரும்பும் என்ன ஆகும் என்று தெரியும். கடைசியில் முதல் கட்டம் 1998-இல் ஓடத் தொடங்கியது. 2003 நவம்பரில் எல்லைக்கோட்டில் போர்நிறுத்தம் வந்தது. 2005-இல் இரண்டாம் கட்டம்.

இனி என் துறை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழனியில் பெட்டிகள் வடத்தோடு நிரந்தரமாகக் கவ்வப்பட்டவை. ஆட்களை ஏற்றவும் இறக்கவும் வடத்தையே நிறுத்தி நிறுத்தி ஓட்ட வேண்டும். குல்மார்க்கில் வடம் நிற்பதில்லை. ஆறு பேர் உட்காரும் கேபின் நிலையத்துக்குள் நுழைந்ததும் ஒரு வளைந்த தண்டவாளம் அதன் கவ்வியை அமுக்கித் திறக்கிறது. கேபின் வடத்தை விட்டுவிடுகிறது. வரிசையாக இருக்கும் ரப்பர் சக்கரங்கள் அதன் வேகத்தைக் குறைத்து மனிதர் நடக்கும் வேகத்துக்குக் கொண்டுவருகின்றன. நாம் ஏறி உட்கார்ந்ததும் இன்னொரு வரிசைச் சக்கரங்கள் அதை வடத்தின் வேகத்துக்கே தள்ளிவிட, கவ்வி மூடிப் பிடித்துக்கொள்கிறது. வடத்தின் வேகமும் கேபினின் வேகமும் அந்த நொடியில் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கவ்வி வடத்தைத் தேய்க்கும். அந்த இடத்தில் நின்று எத்தனை கேபின்களைப் பார்த்தேனோ, மகள் வந்து தோளைத் தட்டினாள். "அப்பா, எல்லாரும் மலையைப் பார்க்க டிக்கெட் எடுக்கறாங்க. நீங்க கொக்கியைப் பார்க்க எடுத்திருக்கீங்க." "அந்தக் கொக்கிதான் கண்ணு உன்னை மேலே தூக்கிட்டுப் போகுது" என்றேன்.

முதல் கட்டம் குல்மார்க்கிலிருந்து கோங்டூரி வரை; மரக்காட்டுக்கு மேலாகவே போகிறது. கோங்டூரி சுமார் 3,080 மீட்டர். அங்கே இறங்கி வேறு கேபினில் ஏறினால் இரண்டாம் கட்டம், அபர்வத் சிகரத்தின் தோள் வரை. இரண்டும் சேர்ந்து 5 கிலோமீட்டர் வடம். கோங்டூரியைத் தாண்டிச் சற்றுத் தூரத்தில் மரங்கள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் பனி, பாறை, காற்று. காற்றுக்குத்தான் நாங்கள் பயப்படுவோம். பழனியிலேயே ஆடி மாதக் காற்று வீசினால் ரோப் காரை நிறுத்திவிடுவார்கள். பக்கவாட்டில் காற்று அடித்தால் கேபின் ஆடும், ஆட்டம் வடத்துக்குப் போகும், வடம் உருளையை விட்டு வெளியே குதிக்கப் பார்க்கும். மரமில்லாத முகட்டில் காற்றுக்குத் தடை ஏது? ஆகவே இரண்டாம் கட்டம் எப்போது திறக்கும் என்பது குல்மார்க்கில் தினமும் காலையில் எழுகிற கேள்வி. பனி கொட்டிய மறுநாள், தோளில் ஸ்கீயோடு வெளிநாட்டுக்காரர்கள் கோங்டூரியில் கூடி நின்று அந்த ஒரு அறிவிப்புக்காகக் காத்திருப்பார்கள். டிக்கெட்டும் இரண்டு கட்டத்துக்கும் தனித்தனி. முதல் கட்டத்துக்கு மட்டும் வாங்கிவிட்டு மேலே போக முடியவில்லையே என்று அங்கே சண்டை போட்ட ஒரு குடும்பம் தமிழில்தான் சண்டை போட்டது.

விபத்தையும் சொல்ல வேண்டும். 2017 ஜூன் 25, ஞாயிற்றுக்கிழமை. பனிக்காலமே இல்லை. பலத்த காற்றில் ஒரு மரம் சாய்ந்து வடத்தின் மேல் விழுந்தது. கேபின் ஒன்று தரையில் விழுந்து 7 பேர் இறந்தார்கள். தில்லிக் குடும்பம் ஒன்றில் 4 பேர், உள்ளூர் வழிகாட்டிகள் 3 பேர். வடத்தில் தவறு தேடிப் பழகிய என்னைப் போன்றவர்களுக்கு அது ஒரு பாடம்: ஆபத்து பக்கத்தில் நின்ற மரத்திலிருந்து வந்தது. கேபினில் போகும்போது வடத்துக்கும் மரநுனிக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் நான் அளந்துகொண்டே போனேன்.

அபர்வத்தின் தோளில் இறங்கியதும் மூச்சு சிறுத்துப்போகிறது. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. பத்தடி நடந்து நின்று, பத்தடி நடந்து நின்றுதான் பார்க்க முடிந்தது. சிகரம் இன்னும் மேலே, ஏறக்குறைய 4,390 மீட்டரில். வானம் தெளிந்திருந்தால் வடக்கே நங்க பர்பத் தெரியும், 8,126 மீட்டர். கீழே காஷ்மீர் பள்ளத்தாக்கு, அதில் வூலர் ஏரி. முகட்டுக்கு அந்தப் பக்கம் அல்பத்தர் ஏரி, ஜூன் வரை உறைந்தே கிடக்கும்.

இங்கே நின்று பார்த்தால்தான் இந்த மலை ஏன் உலகமெங்கும் உள்ள சறுக்குக்காரர்களை இழுக்கிறது என்று புரிகிறது. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரத்தைச் சுமந்து குளிர்காலத்தில் கிழக்கே வரும் மேகங்களை நம் வானிலைக்காரர்கள் மேற்கத்திய இடையூறு என்பார்கள். ஈரான், ஆப்கானிஸ்தான் தாண்டி வருகிற அந்த மேகத்தைக் காஷ்மீரின் வாசலில் மறிக்கும் சுவர் பீர் பஞ்சால். மறித்ததும் ஈரத்தைக் கொட்டுகிறது. குல்மார்க்கைப் பார்த்த சரிவு வடக்கும் வடகிழக்குமாகத் திரும்பியிருப்பதால் வெயில் நேராகப் படுவதில்லை, விழுந்த பனி கனக்காமல் உலர்ந்தே கிடக்கிறது. கையில் அள்ளினால் உருண்டையாகாது. சறுக்குபவர்கள் பவுடர் என்று உயிரை விடுவது இதற்குத்தான்.

ஐரோப்பாவில் ஸ்கீ ஊர் என்றால் பத்து இருபது லிஃப்ட் இருக்கும். இரவெல்லாம் எந்திரம் ஓட்டிப் பனியை மட்டமாக்கி, பாதை பாதையாக வகுத்து, சுலபமானது கடினமானது என்று நிறம் பூசிய பலகை வைப்பார்கள். பனி குறைந்தால் பீரங்கி போன்ற எந்திரத்தால் செயற்கைப்பனி ஊதுவார்கள். குல்மார்க்கில் மேல்மலை வரை போகிற வடம் ஒன்றே ஒன்று. அது கொண்டுபோய் விடுகிற இடத்துக்கு இரு பக்கமும் முகடு நீண்டு கிடக்கிறது, முகட்டின் கீழே கிண்ணம் கிண்ணமாகப் பள்ளங்கள். கோண்டோலாவுக்கு நேர் கீழே உள்ள கிண்ணத்தை மட்டும் ஸ்கீ ரோந்து ஆட்கள் கண்காணிக்கிறார்கள். தேவைப்பட்டால் வெடி வைத்துப் பனியை முன்கூட்டியே சரியவிடுவார்கள். கயிறு கட்டிய எல்லையைத் தாண்டிவிட்டால் ஹபத்குட் போன்ற பள்ளங்களில் கேள்வி கேட்க ஆளில்லை. அப்படியே இறங்கினால் மரக்காடு; காட்டுக்குள் மரங்களுக்கு நடுவே நெளிந்து இன்னும் இறங்கினால் பாபா ரேஷி தர்கா இருக்கும் ஊர். 15-ஆம் நூற்றாண்டுச் சூஃபி ஞானி ஒருவர் அடங்கிய இடம். முகட்டில் ஆரம்பித்த ஓட்டம் தர்கா வாசலருகே முடியும். அங்கே ஜீப்புகள் காத்திருக்கும், ஸ்கீயைக் கூரையில் கட்டி மறுபடி குல்மார்க்குக்கு. ஜீப்காரருக்கு அது பனிக்காலப் பிழைப்பு.

முன்பு சொன்ன விஷயம் இப்போது வருகிறது. 1927-இல் மேலே போக வேண்டுமென்றால் மலை உங்களைச் சோதித்துவிட்டுத்தான் விடும். ஏறும்போதே பனி காலுக்கடியில் எப்படி அமிழ்கிறது, எங்கே வெற்றொலி வருகிறது என்று தெரிந்துவிடும். வடம் அந்தச் சோதனையை எடுத்துவிட்டது. டிக்கெட் இருந்தால் போதும், ஒரு சரிவையும் காலால் தொடாதவனை 3,950 மீட்டரில் இறக்கிவிடும். வடத்தொழில்காரனாக இதைச் சொல்ல எனக்கே ஒரு மாதிரி இருக்கிறது. ஆனாலும் குல்மார்க்கின் ஆபத்து முழுவதும் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

பனிச்சரிவு எப்படி நடக்கிறது என்று மகளின் பயிற்சியாளர் ஒரு மாலை காங்கிடியை மடியில் வைத்துக்கொண்டு விளக்கினார். மண்சட்டியில் கரிநெருப்பு, அதைச் சுற்றிக் கூடை, மேலே ஃபெரன் அங்கி. அங்கே எல்லோருடைய வயிற்றுக்கும் அருகே ஒரு அடுப்பு இருக்கிறது. மழை பெய்தால் தண்ணீர் ஓடிவிடும், பனி ஓடாது, அடுக்கடுக்காக ஏறும் என்றார். பனிப்பொழிவு இல்லாத வறண்ட குளிர்நாட்கள் தொடர்ந்தால் அடியில் இருக்கும் பனி ஒட்டும் தன்மையை இழந்து ரவை போல் உதிரியாகிவிடும். அதன் மேல் புதுப்பனி மூன்றடி நான்கடி விழுந்தால் மேலடுக்கு நிற்பதற்குப் பிடிமானம் இல்லை. ஒரு ஆள் எடை அதன் மேல் போனால் போதும், அடுக்கு முழுவதும் பெயர்ந்து இறங்கும். சரிவு 30 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் இடையில் இருக்கும்போது இது அதிகம். மட்டமான இடத்தில் பனி நகராது. மிகச் செங்குத்தில் சேர்வதற்கு முன்பே உதிர்ந்துவிடும். சறுக்குவதற்கு ருசியான சரிவும் இதே 30, 45-தான். புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு, அதற்குப் பிறகு மளமளவென்று குறைந்துவிடும். அதனால்தான் எல்லை தாண்டிப் போகிறவர் ஒவ்வொருவரும் உடம்பில் சிக்னல் கருவி, முதுகில் மண்வெட்டி, பனியைத் துழாவ மடக்கு ஈட்டி வைத்திருக்க வேண்டும் என்பது. ஒருவரிடம் இருந்து பயனில்லை, கூட வருகிறவரிடமும் இருக்க வேண்டும். தோண்டப்போவது அவர்தானே.

பழகியவர்களையும் அது விடுவதில்லை. 2010 பிப்ரவரியில் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த உயர்மலைப் போர்ப் பள்ளி வீரர்கள் மேல் பனி சரிந்து 17 பேர் இறந்தார்கள். 2023 பிப்ரவரி 1-ஆம் தேதி ஹபத்குட்டில் போலந்துக்காரர்கள் இருவர். 2024 பிப்ரவரி 22-இல் ஒரு ரஷ்யர்.

மகள் இந்தப் பக்கமெல்லாம் போகவில்லை. கோல்ஃப் மைதானத்தின் மேட்டில் புதியவர்களை வரிசையாக நிற்க வைத்து, ஸ்கீயின் முன் நுனிகளைக் குவித்துப் பின்பக்கத்தை விரித்து வேகத்தைக் குறைக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். கேட்டால் சுலபம். முழங்காலை மடக்கி உடம்பை முன்னால் சாய்க்க வேண்டும். பயத்தில் எல்லோரும் பின்னால்தான் சாய்வார்கள். சாய்ந்ததும் ஸ்கீ முன்னால் ஓடிவிடும். பிரேக்கைப் பிடிக்கத் தலைகீழாகப் பழக வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. ஐந்து வயது உள்ளூர்ப் பிள்ளைகள் கோல் இல்லாமல் நடுவில் புகுந்து ஓடினார்கள். அப்படித் தொடங்கியவர்தான் ஆரிஃப் கான், டங்மார்க் அருகே ஹாஜிபல் கிராமம். அப்பா குல்மார்க்கில் ஸ்கீ கடை வைத்திருந்தவர். 2022 பீஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் அவர். ஜயண்ட் ஸ்லாலத்தில் 45-ஆம் இடம். அவருக்கு முன்பு இதே மலைக்காரர் குல் தேவ் 1988-இல் கால்கரி போனார்.

இவ்வளவு சொன்னாலும் குல்மார்க்குக்கு வருகிறவர்களில் ஸ்கீ போடுகிறவர்கள் சொற்பம். 2023-இல் மட்டும் 10 லட்சம் பேருக்கு மேல் கோண்டோலாவில் ஏறினார்கள். பெரும்பாலோர் என்னைப் போல் வாடகை பூட்ஸ்காரர்கள். பனியைத் தொட்டு, வீட்டுக்கு வீடியோ கால் போட்டு, மேகி சாப்பிட்டு இறங்குகிறவர்கள். கீழே மரச் சறுக்குவண்டியில் அவர்களை உட்காரவைத்து இழுக்க ஆட்கள் மொய்க்கிறார்கள். என்னைவிட மெலிந்த ஒருவர் என்னை இழுப்பதாகச் சொன்னபோது நடந்தே வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. நான் நடந்தால் அவருக்குக் கூலி இல்லை.

அவர்கள் எல்லோருடைய கணக்கும் சில்லைக்கலானை நம்பியது. டிசம்பர் 21 முதல் ஜனவரி கடைசி வரை, கடுங்குளிரின் 40 நாட்கள். அந்த நாட்களில் விழும் பனிதான் நிற்கும். 2024 ஜனவரியில் குல்மார்க்கின் புல்வெளி பழுப்பாகக் கிடந்தது. பனி வந்து சேர்ந்தபோது மாதம் முடியப்போயிற்று. கேலோ இந்தியா குளிர்கால விளையாட்டைத் தள்ளிவைத்து பிப்ரவரி 21-இல் தொடங்கினார்கள். அதற்கு மறுநாள்தான் அந்த ரஷ்யர் இறந்தது. வறண்ட மாதம், அதன் மேல் திடீர்ப் பனி என்றால் என்ன ஆகும் என்று பயிற்சியாளர் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். 2025-இலும் பனி போதவில்லை, போட்டி மார்ச்சுக்குப் போனது. அந்த ஏப்ரலில் பஹல்காமில் 26 பேர் சுட்டுக்கொல்லப்பட, சுற்றுலாவே காலியானது.

பனி இல்லாவிட்டாலும் கோண்டோலா ஓடும், கோடையிலும் அதில் கூட்டம் உண்டு. பனியே பிழைப்பானவர்கள் பாடுதான் கஷ்டம். மகளின் பயிற்சியாளர் வங்கிக் கடனில் ஒரு பழைய கார் வாங்கிவைத்திருக்கிறார். ஸ்ரீநகர் விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றி இறக்குவதற்கு. எங்களைத் திரும்பக் கொண்டுபோய் விட்டதும் அந்தக் காரில்தான். ஜனவரி முழுவதும் ஸ்கீயைவிட ஸ்டீயரிங்கைத்தான் அதிகம் பிடித்தேன் என்றார், டங்மார்க்கில் சங்கிலியைக் கழற்றிக்கொண்டே.